யோபுவின் வழியில் புனித தேவசகாயம்



நம் ஊர் நிலையத்தைக் கடந்து இரவில் தெற்கு நோக்கி ஓடும் கன்னியாகுமரி வண்டி, வள்ளியூரைத் தாண்டியதும் ஒரு கணவாய்க்குள் நுழைகிறது. மலைகளுக்கு நடுவே ஓயாத காற்று. கண்ணுக்கு எட்டிய தூரமெல்லாம் காற்றாலைகள். ஆரல்வாய்மொழி என்பது அவ்விடத்தின் பெயர். அங்கே காற்றாடிமலை என்னும் குன்றின்மேல், 1752-ஆம் ஆண்டு சனவரி 14-ஆம் நாள், துப்பாக்கிக் குண்டுகளுக்கு இரையாகி விழுந்தார் ஒருவர். அப்போது அவருக்கு வயது 39. அவர் குருவானவர் அல்லர், துறவியும் அல்லர். மனைவியோடு வாழ்ந்த இல்லறத்தார், அரசாங்க ஊழியர். திருமுழுக்குப் பெற்று ஏழு ஆண்டுகள்கூட நிறையாதவர். அவரையே அன்றைய திருத்தந்தை பிரான்சிஸ் 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் உரோமை புனித பேதுரு சதுக்கத்தில் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினருள் பீடத்தின் மகிமைக்கு உயர்த்தப்பெற்ற முதல்வர் இவரே.

புனித தேவசகாயத்தின் பெயர் நம்மில் எவருக்கும் புதிதன்று. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்து நம் பங்கில் குடியேறிய குடும்பங்கள் அவருடைய படத்தைத் தங்கள் வாடகை வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருப்பதை நான் வீடு சந்திக்கும்போதெல்லாம் காண்கிறேன். ஆயினும் அவருடைய விசுவாசம் தொடங்கிய இடத்தை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. அது கோயிலில் தொடங்கவில்லை, மறையுரையிலும் தொடங்கவில்லை. வேலைத்தளத்தில், உடன் வேலைபார்த்த ஒருவர் சொன்ன விவிலியக் கதையில் அது தொடங்கியது. ஒரகடம் சாலையிலும் மறைமலை நகரிலும் மூன்று ஷிப்டுகளாக உழைக்கும் மக்களைக் கொண்ட இந்தப் பங்கின் யூபிலி மலரில் எழுதுவதற்கு இதைவிடப் பொருத்தமான வாழ்க்கை வரலாறு எனக்குத் தென்படவில்லை.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் நட்டாலம் என்ற ஊர் இருக்கிறது. 1712-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் அங்கே வாசுதேவன் நம்பூதிரிக்கும் தேவகி அம்மாளுக்கும் பிறந்த ஆண்மகவுக்கு நீலகண்டன் என்று பெயரிட்டனர். குடும்பம் செல்வமும் செல்வாக்கும் உடையது. பிள்ளை தமிழும் மலையாளமும் வடமொழியும் கற்றார். வில்வித்தை, வர்மம் முதலிய கலைகளிலும் தேர்ந்தார். அக்காலத்தில் திருவிதாங்கூரின் தலைநகராயிருந்தது பத்மநாபபுரம். 1729 முதல் 1758 வரை அரசாண்ட மார்த்தாண்ட வர்மா, சிதறிக் கிடந்த சிற்றரசுகளை ஒன்றாகத் திரட்டி நாட்டை விரிவாக்கிக் கொண்டிருந்த காலம் அது. நீலகண்டன் அந்த அரசரின் சேவையில் சேர்ந்து, பத்மநாபபுரத்து நீலகண்டசாமி கோயிலின் அலுவல் பொறுப்பையும் ஏற்றார். பார்கவி அம்மாளை மணந்தார். ஊரார் பார்வையில் எந்தக் குறையுமில்லாத வாழ்வு.

இந்நிலையில் 1741-ஆம் ஆண்டில் குளச்சல் கடற்கரையில் பெரும் போர் மூண்டது. மிளகு வாணிகத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ள விரும்பிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அங்கே படையை இறக்கியது. மார்த்தாண்ட வர்மாவின் படை அதனை முறியடித்தது. சிறைப்பட்டவர்களுள் எஸ்தாக்கியுஸ் டிலனாய் என்பவரும் இருந்தார். இன்று பிரான்சு நாட்டுக்குள் இருக்கும் ஆராஸ் நகரில் பிறந்தவர். வயது முப்பதை எட்டவில்லை. அவருடைய திறமையைக் கண்ட அரசர் அவரைத் தம் படையினருக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளிக்கவும், புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டையை வலுப்படுத்தவும் அமர்த்திக்கொண்டார். பிற்காலத்தில் அவரே படைத்தளபதியாகி, வலிய கப்பித்தான் என்று மக்களால் அழைக்கப்பட்டார். கோட்டைப் பணி நடந்த அந்த இடத்தில்தான் அரசு அலுவலராகிய நீலகண்டனும் கைதியாக வந்த டிலனாயும் பழகத் தொடங்கினர்.

அக்காலத்தில் நீலகண்டனின் வீட்டில் அடுத்தடுத்துத் துன்பம் நேர்ந்தது. மாடுகள் மடிந்தன. விளைச்சல் பொய்த்தது. சொத்துக் கரைந்தது. தம் முன்னோர் வழியில் வேண்டுதல்கள் செய்தும் மனம் ஆறவில்லை. வேலைக்கு வருபவரின் முகத்தைப் பார்த்தே அவருடைய வீட்டு நிலையை அறிந்துகொள்ளும் நண்பன் எங்கும் ஒருவன் இருப்பான் அல்லவா? டிலனாய் அவருடைய வாட்டத்தைக் கவனித்துக் காரணம் கேட்டார் என்றும், கேட்டபின் யோபுவின் வரலாற்றைச் சொன்னார் என்றும் வழிவழியாக அறிந்திருக்கிறோம்.

அந்த வரலாற்றை நீலகண்டனின் காதுகளால் நாமும் ஒருமுறை கேட்போம். ஊசு நாட்டில் யோபு என்றொரு நேர்மையாளர் இருந்தார். அவருக்கு 7000 ஆடுகள், 3000 ஒட்டகங்கள், 500 ஏர் மாடுகள், 500 கழுதைகள். ஏழு ஆண்மக்கள், மூன்று பெண்மக்கள். ஒரே நாளில் நான்கு தூதர்கள், ஒருவர் பேசி முடிக்குமுன் அடுத்தவர் என வந்து நின்று, எல்லாம் போயிற்று என்று அறிவிக்கின்றனர். அந்த நால்வரில் முதலாவது வந்தவர் கொண்டுவந்த செய்தி என்ன தெரியுமா? உழுதுகொண்டிருந்த மாடுகளைக் கொள்ளைக்காரர் கொண்டுபோனார்கள் என்பதே. தொழுவம் வெறுமையாகிக் கிடந்த மனிதருக்கு அந்தக் கதையின் முதல் அடியே தம் வீட்டுக் கதையாகப் பட்டிருக்கும். பின்னர் பிள்ளைகளின் சாவு. பின்னர் உடலெங்கும் புண். சாம்பலில் உட்கார்ந்து ஓட்டாஞ்சில்லால் சொறிந்துகொள்ளும் நிலை. இத்தனைக்கும் யோபு செய்த பாவம் ஒன்றுமில்லை என்று தொடக்கத்திலேயே விவிலியம் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. இதுவே நீலகண்டனை உலுக்கியிருக்க வேண்டும். துன்பம் வந்தால் ஏதோ குற்றம் செய்திருக்கிறோம், தெய்வம் தண்டிக்கிறது என்றே அன்றும் மக்கள் எண்ணினார்கள். இன்றும், ஞானஸ்நானம் பெற்ற நாமும்கூட, அப்படித்தான் எண்ணுகிறோம். குற்றமில்லாதவன் துன்புறுகிறான், அவனைக் கடவுள் கைவிடவுமில்லை என்பது அவருக்குப் புதிய செய்தி.

கதையைச் சொன்னவரின் நிலையையும் மறக்கலாகாது. டிலனாய் அந்நாட்டில் ஒரு போர்க்கைதி. தாய்நாடு, படை, பதவி, விடுதலை அனைத்தையும் கடற்கரையில் தொலைத்தவர். வெற்றி பெற்றவர்களின் அலுவலருக்குத் தோல்வியுற்றவர் ஆறுதல் சொல்கிறார். சுகமாய் இருப்பவர் துன்பப்படுபவருக்கு யோபுவின் பொறுமையைப் போதிப்பது வேறு. தாமும் சாம்பலில் உட்கார்ந்தவர் பக்கத்தில் இருப்பவருக்கு அதைச் சொல்வது வேறு. கேட்பவர் அந்த வேறுபாட்டை உடனே கண்டுகொள்வார்.

யோபுவின் நூலிலேயே இதற்கு எதிரான காட்சியும் இருக்கிறது. எலிப்பாசு, பில்தாது, சோப்பார் என்று மூன்று நண்பர்கள் வருகிறார்கள். முதல் ஏழு நாளும் ஏழு இரவும் அவர்கள் வாய் திறக்கவில்லை. தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கேட்டால், அந்த மூவரும் செய்த ஒரே நல்ல காரியம் அந்த ஏழு நாள் மௌனந்தான். பேசத் தொடங்கியதும் கெட்டது. உன்னிடம் ஏதோ பாவம் இருக்கிறது, ஒப்புக்கொள் என்று அதிகாரம் அதிகாரமாய் வாதிட்டார்கள். இறுதியில் ஆண்டவர் கோபித்துக்கொண்டது யோபுவை அன்று. தமக்காக வழக்காட வந்த இந்த மூவரையே.

நம் அண்டையிலுள்ள மறைமலை நகரில் பெரிய கார்த் தொழிற்சாலை ஒன்று 2022-ஆம் ஆண்டில் உற்பத்தியை நிறுத்தியபோதும், அதற்கு முன்னர் 2014-ல் ஸ்ரீபெரும்புதூரில் கைபேசித் தொழிற்சாலை மூடப்பட்டபோதும், இந்தப் பகுதியில் எத்தனை வீடுகளுக்கு யோபுவின் தூதர்கள் வந்தார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக் கடன் தவணை நிற்கவில்லை; பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் நிற்கவில்லை. அத்தகைய வீட்டுக்குள் நுழையும்போது எலிப்பாசாக நுழைகிறோமா, டிலனாயாக நுழைகிறோமா? செபமாலை சொல்லாததால் வந்தது, காணிக்கை நேர்ந்து கொடுக்காததால் வந்தது, வேற்றுமதத்தில் பெண் கொடுத்ததால் வந்தது என்று காரணம் கண்டுபிடிக்கும் வாய்கள் நம் அன்பியக் கூட்டங்களிலும் உண்டு. அந்த வாய்களுக்கு யோபு நூலின் 42-ஆம் அதிகாரத்தைச் சிபாரிசு செய்கிறேன்.

அந்த 42-ஆம் அதிகாரத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே யோபு இழந்ததெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பி வருகின்றன: 14,000 ஆடுகள், 6000 ஒட்டகங்கள், 1000 ஏர் மாடுகள், 1000 கழுதைகள். ஆறுதல் கூட்டங்களில் பலர் இந்தக் கணக்கையே பிடித்துக்கொள்கிறார்கள். வேலை போயிற்றா, கவலைப்படாதே, இரண்டு மடங்கு சம்பளத்தோடு வேறு வேலை வரும் என்கிறார்கள். வரலாம். வராமலும் போகலாம். யோபுவின் கதையைக் கேட்டு விசுவசித்த தேவசகாயத்திற்கு இரட்டிப்பாக வந்தது என்ன? பதவி போயிற்று. வீடு போயிற்று. உற்றார் போயினர். உயிரும் போயிற்று. கதையைக் கேட்குமுன் மாடுகளை மட்டுமே இழந்திருந்தவர், கேட்டபின் மிச்சமிருந்த அனைத்தையும் இழந்தார். நம் ஆண்டவரைப் பின்பற்றினால் வியாபாரம் பெருகும் என்று சொல்லித் திரிபவர்களுக்கு இந்தப் புனிதர் ஓர் இடையூறாகவே இருப்பார்.

யோபுவின் கதையோடு அவர் நின்றுவிடவில்லை. குற்றமற்ற யோபுவிலிருந்து குற்றமற்ற இயேசுவுக்கு டிலனாய் அவரை அழைத்துச் சென்றார். திருமுழுக்குப் பெற விரும்பியபோது அதனைத் திருவிதாங்கூருக்குள் நடத்துவது ஆபத்தாய் இருந்தது. அரண்மனை ஊழியர், அதிலும் கோயில் அலுவல் பார்த்தவர் மதம் மாறுவதை அரசு பொறுக்காது. எனவே டிலனாய் அவரை எல்லைக்கு அப்பால், இன்றைய திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் இருந்த சேசு சபைக் குரு புத்தாரி அடிகளிடம் அனுப்பினார். தமிழ் மக்கள் அவரைப் பரஞ்சோதிநாதர் என்று அழைத்தனர். வந்தவரின் பதவியைக் கண்டு குருவானவர் மயங்கிவிடவில்லை. வரக்கூடிய இன்னல்களை எடுத்துச் சொல்லி, மனவுறுதியைச் சோதித்தறிந்த பின்னரே, 1745-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் திருமுழுக்களித்தார்.

லாசர் என்பது அவர் பெற்ற பெயர். கடவுள் துணைசெய்தார் என்ற பொருளுடைய எபிரேயப் பெயரிலிருந்து வந்தது அது. அதைத் தமிழாக்கித் தேவசகாயம் என்றனர். புதிய ஏற்பாட்டில் இந்தப் பெயரைத் தாங்கியவர் இருவர். ஒருவர் பெத்தானியாவில் கல்லறையிலிருந்து எழுப்பப்பட்டவர். மற்றவர் பணக்காரனின் வாசலில் புண்களோடு கிடந்த பிச்சைக்காரர். உவமைகளிலே ஆண்டவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது அந்தப் பிச்சைக்காரரை மட்டுமே. பட்டாடை உடுத்திய பணக்காரனுக்கு அங்கே பெயர் இல்லை. அரண்மனை அதிகாரி ஒருவர் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது சிறு காரியமா?

பார்கவி அம்மாள் முதலில் தயங்கினார். தயங்காமல் இருந்தால்தான் வியப்பு. உறவினர் ஒதுக்குவார்கள், வாழ்வு குலையும் என்று எந்தப் பெண்ணும் அஞ்சுவாள். பின்னர் கணவரின் நம்பிக்கையில் தாமும் பங்கேற்று, வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார். தெரேசம்மாள் என்ற பெயரின் தமிழாக்கம் அது. இங்கே யோபுவின் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தை. கடவுளைப் பழித்துவிட்டுச் செத்துப்போகும்படி கணவரிடம் சொன்னவள் என்று பிரசங்கிகள் அவளைக் கடிந்துகொள்வது வழக்கம். இறந்த பத்துப் பிள்ளைகளும் அவள் வயிற்றில் பிறந்தவர்கள் அல்லவா? கணவனுக்கு வேலை போனால் அடுப்படியில் நிற்பவளுக்கே முதலில் தெரியும் அரிசி எத்தனை நாளைக்கு வருமென்று. அவள் கோபத்தில் சொன்ன சொல்லைப் பிடித்துக்கொண்டு கணவன்மார் ஆண்டுக் கணக்கில் மனத்தில் வைத்திருப்பதை நான் அறிவேன். யோபு அவளைக் கண்டித்தார். ஆனால் அவளைத் துரத்தியதாக விவிலியத்தில் இல்லை.

திருமுழுக்குக்குப் பின் தேவசகாயம் ஒளிந்து வாழவில்லை. சாதி பாராமல் எல்லாரோடும் பழகினார். அன்றைய வழக்கம் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கி வைத்திருந்தவர்களோடும் கலந்து உறவாடினார். எல்லா மனிதரும் சமம் என்று வெளிப்படையாகப் போதித்தார். அவர் மதம் மாறியதைக் காட்டிலும் இதுவே பலருக்குப் பொறுக்கவில்லை. திருத்தந்தையின் அலுவலகம் வெளியிட்ட அவரது வாழ்க்கைக் குறிப்பும் உயர்குலத்தாரின் பகைக்கு இதனையே காரணமாகச் சொல்கிறது. வழிபடும் தெய்வத்தை மாற்றிக்கொண்டாலும் மன்னிப்பார்கள். உட்காரும் வரிசையை மாற்றினால் மன்னிக்க மாட்டார்கள் போலும்.

வெளியாரை மட்டும் குறைசொல்லிவிட்டுப் போக நமக்கு உரிமை இல்லை. அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பின்னாளில், 19-ஆம் நூற்றாண்டில், எழுந்த ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாகக் கிறிஸ்தவர்களைப் பிரித்து வைக்கும் தடுப்பு இருந்தது. பீடம் ஒன்று; மக்கள் பகுதி இரண்டு. 1910-ஆம் ஆண்டில் அந்தத் தடுப்பை அகற்றியபோது, வேண்டும் என்று வழக்குத் தொடுத்தவர்களும் கிறிஸ்தவர்களே. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. தேவசகாயம் உயிர்கொடுத்த ஒன்றரை நூற்றாண்டுக்குப் பின்னர் நடந்தது இது! இன்று நம் பங்கில் சுவர் எதுவும் இல்லை. தொழிற்சாலைக் கேண்டீனில் ஒரே வரிசையில் தட்டேந்தி நின்று சாப்பிடுகிறோம்; தென் மாவட்டத்தாரும் ஒடிசா, ஜார்க்கண்ட் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காருகிறோம். ஆயினும் மாடி வீட்டை வாடகைக்கு விடும்போது என்ன ஆட்கள் என்று விசாரிக்கும் கிறிஸ்தவர் உண்டா இல்லையா? பிள்ளைகளின் திருமண ஓலை வாசிப்பதற்காக என்னிடம் வரும் பெற்றோரில் சிலர் எந்தக் கேள்வியை முதலில் கேட்டுவிட்டு வருகிறார்கள் என்பதையும் நான் அறிவேன். கேண்டீனில் இல்லாத சுவரைக் கல்யாணப் பந்தலில் எழுப்புகிறவர்கள் தேவசகாயத்தின் படத்தைக் கழற்றி வைத்துவிட்டு எழுப்புவது நல்லது.

1749-ஆம் ஆண்டு பெப்ருவரி 23-ஆம் நாள் அவர் கைது செய்யப்பட்டார். அரசத் துரோகம் முதலிய குற்றங்கள் சுமத்தப்பட்டன. ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நீடித்த வேதனை அன்று தொடங்கியது. கைகளைப் பின்புறம் கட்டி, உடலில் செம்புள்ளி கரும்புள்ளி குத்தி, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்றனர். கழுத்தில் எருக்கம்பூ மாலை. பிரம்படியும் தடியடியும் நாள்தோறும் கிடைத்தன; காயங்களில் மிளகாய்த்தூள் தடவி வெயிலில் நிறுத்தினர்; குடிக்க நாற்றமெடுத்த தண்ணீர். ஒரு பதவியாளரை ஊராரின் நகைப்புக்கு உரியவராக ஆக்கிவிட்டால் அவரைப் பின்பற்ற எவரும் துணியமாட்டார் என்பது எண்ணம். ஆனால் எருசலேமுக்குள் கழுதைமேல் வந்தவரை அறிந்த கிறிஸ்தவர்களுக்கு எருமைமேல் வந்தவர் அவமானமாகத் தோன்றவில்லை.

இந்த வரலாற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கவனம் தேவை. நம் ஊர் குன்றின்மேல் எழுந்தருளியிருக்கும் நரசிம்மப் பெருமாளின் பெயரால் வழங்கும் ஊர். கோயில் தெருக்காரர்களும் நாமும் ஒரே ரேஷன் கடையில் நிற்கிறோம், ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறோம், ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் போகிறோம். 18-ஆம் நூற்றாண்டு அரசவை ஒன்று செய்ததற்காக இன்று நம் பக்கத்து வீட்டாரை மனத்தாங்கலோடு நோக்குவது புனிதருக்கே செய்யும் அவமதிப்பாகும். மார்த்தாண்ட வர்மா தம் நாட்டைக் கட்டியெழுப்பிக்கொண்டிருந்த அரசர். தேவசகாயம் சிறையில் இருந்தபோதே, 1750 சனவரியில், நாடு முழுவதையும் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்துத் தம்மை அவருடைய அடியாராக அறிவித்தார். அத்தகைய நாட்டில் அரண்மனை ஊழியர் ஒருவரின் மனச்சான்று அரசாங்க விவகாரமாயிற்று.

யோபுவின் பொறுமை என்று வழக்கமாகச் சொல்கிறோம். புனித யாக்கோபும் தம் திருமுகத்தில் அதைக் குறிப்பிடுகிறார். ஆனால் யோபு நூலை முழுதும் வாசித்தவர்கள் எத்தனை பேர்? முதல் இரண்டு அதிகாரங்களில் பொறுமையாய் இருந்தவர், மூன்றாம் அதிகாரத்தில் தாம் பிறந்த நாளையே சபிக்கிறார். தொடர்ந்து கடவுளிடம் ஏன், ஏன் என்று வழக்காடுகிறார். கடைசியில் ஆண்டவரே, தம்மைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபுதான் என்று தீர்ப்பளிக்கிறார். ஆகவே சாமி, கடவுளிடம் கோபித்துக்கொண்டேன் என்று அழுதுகொண்டு பாவசங்கீர்த்தனத்துக்கு வரும் தாய்மாரே, நீங்கள் யோபுவின் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள், அஞ்ச வேண்டாம். கோபித்துக்கொள்ளக்கூட அவரிடம் போகாதவர்களைப் பற்றியே எனக்குக் கவலை. தேவசகாயமும் கல்லாய் இருக்கவில்லை. புலியூர்க்குறிச்சியில் தாகம் தாங்காமல் அவர் செபித்து முட்டியால் இடித்ததும் பாறையிலிருந்து நீர் சுரந்தது என்ற மரபு இருக்கிறது. முட்டிடிச்சான் பாறை என்று அதற்குப் பெயர். இன்றும் மக்கள் அங்கே சென்று அந்நீரைப் பருகி வருகிறார்கள். பாலைவனத்தில் மோயீசன் பாறையை அடித்த வரலாறு நினைவுக்கு வராமல் இராது. எனக்கோ அந்தப் பாறையைவிட அந்தத் தாகமே பெரிதாகப் படுகிறது. புனிதர்க்கும் நா வறளும்.

பெருவிளையில் அவரை ஒரு வேப்பமரத்தில் கட்டி வைத்திருந்தனர். அங்கும், பின்னர் ஆரல்வாய்மொழியிலும், வேடிக்கை பார்க்க வந்த மக்கள் மெல்ல மெல்ல அவரிடம் செபம் கேட்க வரலாயினர். காவலரிடம் அவர் பகை பாராட்டவில்லை; பிள்ளையில்லாத காவலர் ஒருவருக்காக அவர் வேண்ட, அந்த வீட்டில் தொட்டில் கட்டப்பட்டது என்று சொல்வார்கள். யோபு நூலின் கடைசிப் பக்கத்தில் பலர் கவனிக்காத ஒரு செய்தி உண்டு. யோபுவின் துன்பம் மாறியது எப்போது? தம்மைக் குற்றஞ்சாட்டிய நண்பர்களுக்காக அவர் மன்றாடியபோது. அடித்தவனுக்குப் பிள்ளை வரம் கேட்பது அதிலும் ஒரு படி மேல்.

அவரைக் காணக் கூட்டம் பெருகுவது அரசவைக்குத் தொல்லையாயிற்று. 1752 சனவரி 14-ஆம் நாள் இரவு காவலர்கள் அவரைக் காற்றாடிமலை மேல் கொண்டுசென்றனர். செபிக்கச் சிறிது நேரம் கேட்டு முழந்தாளிட்டார் என்றும், பின்னர் அவரைச் சுட்டனர் என்றும் மரபு. உடலை அங்கேயே விட்டுச் சென்றனர். சில நாள் கழித்துக் கிறிஸ்தவர்கள் எஞ்சியவற்றைத் தேடி எடுத்துக் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் பீடத்தின் முன் அடக்கம் செய்தார்கள். இன்று அது கோட்டாறு மறைமாவட்டத்தின் பேராலயம். கொச்சி ஆயர் 1756-ல் உரோமைக்கு அனுப்பிய அறிக்கையில் இந்த மறைசாட்சியின் மரணம் குறிக்கப்பட்டிருக்கிறது. திருச்சபை அவசரப்படவில்லை. 2012-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் நாகர்கோவிலில் அருளாளர் பட்டம். அதன்பின் பத்தாம் ஆண்டில் புனிதர் பட்டம். அப்போது அவர் பெயரோடு நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளை என்னும் சாதிப்பெயரும் விடப்பட்டுத் தேவசகாயம் என்றே அறிவிக்கப்பட்டார். 270 ஆண்டுகள் கழித்தாவது விட்டோமே.

டிலனாய் என்ன ஆனார் என்று ஞாயிறு மறைக்கல்வியில் ஒரு சிறுவன் கேட்டான். நல்ல கேள்வி. தாம் சொன்ன கதை தம் நண்பரை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை அவர் உயிரோடு இருந்து கண்டார். அதே அரசரின் படைக்குத் தலைமை தாங்கினார். அடுத்த அரசரின் காலத்திலும் தொடர்ந்தார். 1777-ஆம் ஆண்டில் இறந்து, உதயகிரிக் கோட்டைக்குள் தாம் எழுப்பிய ஆலயத்திலேயே அடக்கமானார். கல்லறைக் கல்லில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நண்பர் கொல்லப்பட்டபின் அந்தச் சேவகத்தில் 25 ஆண்டுகள் அவர் எந்த மனத்தோடு இருந்தார் என்பதை அவரும் ஆண்டவரும் அறிவார்கள். பிழைப்புக்காக வாய்மூடி இருக்க வேண்டிய நிலையில் நம்மில் பலர் இருக்கிறோம். அவர்மேல் கல்லெறிய எனக்குக் கை எழவில்லை.

ஞானப்பூ அம்மாள் நட்டாலத்து வீட்டுக்குத் திரும்பவில்லை. கணவர் திருமுழுக்குப் பெற்ற வடக்கன்குளத்திலேயே, புதிதாய்க் கிடைத்த கிறிஸ்தவ உறவுகளிடையே, கைம்பெண்ணாக வாழ்ந்து மறைந்தார். அவருடைய கல்லறை அங்கேதான் இருக்கிறது. கோட்டாற்றுக்கும் காற்றாடிமலைக்கும் திருப்பயணம் போகிறவர்கள் அங்கும் இறங்கி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வரலாம். வள்ளியூரிலிருந்து அதிக தூரமில்லை.